மணலோடு போகும் தண்ணீர்

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வீதி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகிறவர்களின் வழி அது. அந்த வழியோரத்து மணல் மேடுகள் பல ஆண்டுகளாகக் கட்டட வேலைக்கு அள்ளப்பட்டன. கொஞ்சம் அனுமதிப்பத்திரத்தோடு, கொஞ்சம் இரவோடிரவாக. தீவுகளில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதக்கிறது. அந்த மெல்லிய நன்னீர்ப் படைதான் குடிநீர். வேலணைச் சாட்டியின் மணற்பாங்கு நல்ல தண்ணீர் தருவதற்கும், புங்குடுதீவில் பல கிணறுகள் சவராகிப் பவுசரை எதிர்பார்க்க வைத்ததற்கும் பின்னால் இருப்பது இதே இயற்கை விதி. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மணல் மேடு போய், மேலே நிற்கும் நன்னீர் ஓரடி குறைந்தால் நாளடைவில் கீழே 40 அடி கடலுக்குப் போய்விடும். ஆகவே தன் காணி மணலை விற்கிறவர், அயலவர் கிணற்றுத் தண்ணீரையும் அவரைக் கேட்காமலே விற்கிறார். காணி உறுதி அவருக்கு அந்த உரிமையைத் தருவதில்லை.

தொழிலுக்குப் போகும் மீனவக் குடும்பத்துக்குக் கரையில் நன்னீர் இல்லையென்றால் கடல் இருந்தும் பயனில்லை. மன்னார்த் தீவில் மணலா தண்ணீரா என்ற இதே கேள்வி இன்னும் பெரிதாக எழுந்திருக்கிறது. அங்கே இல்மனைற் என்ற கனிம மணலுக்காக ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் துளையிட்டு ஆராய்ந்தது. மீனவர்களும் மதகுருமாரும் எதிர்த்தார்கள், 2025இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். தாழ்ந்த தீவொன்றைத் தோண்டினால் கடல் உள்ளே வரும் என்ற அவர்களது அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அலாஸ்காவின் பிரிஸ்டல் குடாவில் சால்மன் மீன்பிடியை நம்பி வாழும் பூர்வகுடிகளும் இப்படித்தான் வாதாடினார்கள். பெப்பிள் என்ற உத்தேச செம்பு, தங்கச் சுரங்கத்தின் கழிவை அந்தக் குடாவுக்குப் பாயும் ஆறுகளின் தலைநீர்ப் பகுதியில் கொட்டுவதை 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தடுத்தது. கேடு நடக்கும் முன்பே எடுத்த முடிவு அது. கனடாவின் மவுண்ட் பொலியில் சுரங்கக் கழிவணை 2014 ஓகஸ்டில் உடைந்தபோது, சால்மன் வளரும் ஏரிக்குள் கழிவு இறங்கிய பிறகே விசாரணை வந்தது.

போரில் வீடிழந்தவர் மணலில்லாமல் எப்படி வீடு கட்டுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, இந்த விவாதத்தில் மிகக் கனமானதும் இதுதான். வீடு வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் தீவு மணலை விட்டுத் தூரத்து மணலை எடுத்தால் கூடும் செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான வழக்கு. இன்று அதைத் தீவுப் பெண்கள் குடங்களோடு காத்து நின்று ஏற்கிறார்கள். வீடமைப்புப் பொதுக் கடமையென்றால் அந்தச் செலவும் பொதுப்பணத்திலிருந்து வரவேண்டும். விவசாயிகளே பம்பு போட்டும் உரம் போட்டும் தண்ணீரைக் கெடுக்கிறார்களே என்பது இன்னொரு வாதம். அது உண்மை, ஏற்கெனவே நலிந்த நீரை மேலும் வதைக்க அது அனுமதியாகாது. நட்டஈடு கொடுத்தால் போதும் என்பவர்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைப் பார்க்கட்டும். மின்நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. துணிச்சலான தீர்ப்பு. ஆனாலும் அது வந்தபோது அங்குள்ள குடும்பங்கள் பல ஆண்டுகள் தங்கள் கிணற்றைக் கண்டு பயந்து வாழ்ந்திருந்தன. அள்ளிய மணல் மேட்டையோ எந்த நீதிமன்றமும் திரும்பக் குவித்துத் தர முடியாது.

திரும்பப் பெறமுடியாத இழப்பில், கேடு வராது என்று நிரூபிக்கும் பாரம் தோண்டுகிறவரைச் சேரவேண்டும். இன்று அது தலைகீழாக இருக்கிறது: சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், அதற்குள் கிராமத்தவரே குறை கண்டுபிடித்து எழுதவேண்டும். அதைப் போய் வாசிக்க ஒருவர் ஒரு நாள் உழைப்பை இழக்கிறார். அனுமதி கேட்பவர், மாரியிலும் கோடையிலும் அயற்கிணறுகளின் உப்பை அளந்து, அந்தக் கணக்கை அந்தந்தத் தீவிலேயே, கடற்றொழிலாளர் சங்கத்தின் முன்னால் தமிழில் வைக்கட்டும். சங்கம் வேண்டாமென்றால் அனுமதிப்பத்திரம் கொடுக்கக்கூடாது.