ஒரு வைஸும் பூசலாரும்

சென்ற ஆடி மாதம் ஒரு வைஸை எடைக்கு வாங்கினேன்.

திருநின்றவூரில் நான் குடியிருக்கும் பக்கத்தில் ஒரு காயலான் கடை. சைக்கிள் பிரேம்கள், நசுங்கிய அலுமினியப் பாத்திரங்கள், துருவேறிய ஜன்னல் கம்பிகள், இவற்றுக்கெல்லாம் அடியில் அது கிடந்தது. மேஜைமேல் போல்ட் போட்டு முடுக்குகிற வார்ப்பிரும்பு வைஸ் அல்ல. கொல்லுப்பட்டறைகளில் இருக்கும் கால் வைஸ். அதன் இரண்டு தாடைகளில் ஒன்று கீழே நீண்டு ஒற்றைக் காலாகத் தரையைத் தொடும். கடைக்காரர் தராசில் ஏற்றினார். 27 கிலோ. அன்றைக்குப் பழைய இரும்புக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். யாருடையது என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

என் தங்கை மகன் இரும்புக் கதவும் கிரில்லும் செய்கிற ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறான். அவனிடமிருந்த மேஜை வைஸ் சம்மட்டி அடியில் விரிசல் கண்டுவிட்டது. அதை வைஸின் குற்றமென்று சொல்ல முடியாது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. கால் வைஸ் அடிக்கென்றே உண்டானது. மேலே விழுகிற அடி கால் வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும். பழைய கால் வைஸ்கள் உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கப்பட்டவை. அந்த இரும்புக்கு மரத்தைப் போல நார் உண்டு. துரு வெகுநாள் தின்ற இடத்தில் அந்த நார் வரிவரியாகத் தெரியும். காயலான் கடையில் அந்த வரிகளைப் பார்த்துத்தான் நான் குனிந்தேன்.

ஒரு மாதம் வேலை வாங்கியது. திருகு அசையவே இல்லை. பத்து நாள் டீசலில் ஊறப்போட்டு, பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுத் திருகு ஓடும் குழலை வெளியிலிருந்து இளஞ்சூடு காட்டியதும் முனகிக்கொண்டு இளகியது. பாகங்களைப் பிரித்து, பிளாஸ்டிக் டிரம்மில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இறக்கி, பாட்டரி சார்ஜரின் நெகடிவ் முனையை வைஸிலும் பாஸிடிவ் முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டினேன். இரண்டு நாளில் துரு கறுத்து உதிர்ந்தது. தாடையைத் திறந்து தள்ளும் ஸ்பிரிங் காணாமல் போயிருந்தது. லாரி வில்பட்டையில் ஒரு துண்டு எடுத்து அடித்துச் செய்தோம். குழலைக் கழுவியபோது உள்ளே மஞ்சள் நிறம் தெரிந்தது. புரியைத் தனிச் சுருளாகச் செய்து குழலுக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய வைஸ்களில் இப்படி இருப்பதுண்டு. இதில் முத்திரை ஏதும் இல்லை. செய்தவனைப் பற்றி மிஞ்சியிருந்த தகவல் அந்தப் பித்தளை ஒன்றுதான். அதை நான் தொடவில்லை. மதிக்க வேண்டியது என்று எனக்குத் தெரிந்த ஒன்றின் முன்னால் என் கை நின்றிருக்கிறது. இதைப் பின்னால் வரப்போவதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

தாடைகளின் பற்கள் வழவழத்துப் போயிருந்தன. விளிம்புகள் அடிபட்டு மடங்கியிருந்தன. இடது ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தாடைகளிலும் நேருக்கு நேராக, மேலிருந்து கீழாக ஒரு சிறு பள்ளம். தாடைகளை மூடினால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. அடிபட்டுக் குழிந்தது என்று தீர்மானித்தேன். கிரைண்டரை எடுத்துத் தாடைகளைச் சமன் செய்தேன். பிறகு அரத்தால் ராவி, நடுவே காகிதம் வைத்து மூடிப் பார்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராகப் பிடித்தது. வெகுகாலத்துக்குப் பிறகு என் கை செய்த நல்ல வேலை என்று சந்தோஷமாக இருந்தது.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் டூல் ரூமில் இருந்தவன் நான். 1964இல் ஆரம்பித்த அந்தப் பேட்டையில் எந்தப் பொருளும் டிராயிங்கிலிருந்துதான் பிறக்கிறது. முதலில் காகிதத்தில் அது முழுமையாக இருக்கும். பிறகு இரும்பு அந்த முழுமைக்குக் கிட்டத்தில் வரும். எவ்வளவு கிட்டத்தில் என்பதுதான் எங்கள் தொழில். டிராயிங்கில் இல்லாத பள்ளம் பழுது. பழுதானதை நீக்கு, முடியாவிட்டால் பொருளையே தள்ளு. இந்த நியாயம் பேட்டைக்குள் சரி. ஒரே மாதிரி ஆயிரம் பொருள் வேண்டுமானால் வேறு வழியில்லை. ஆனால் முப்பது வருஷம் ஒரு நியாயத்துக்குள் இருப்பவன் அதை நியாயம் என்று அறிவதில்லை. கண் என்று நினைத்துக்கொள்கிறான்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் வைஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். பொரி வாங்கிக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் வேன் ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். வைஸின் கால் நுனியில் இருந்த ஒரு பழைய ஒட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“இது எங்க அப்பாவோடது சார்.”

தாடையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

“இங்க ஒரு பள்ளம் இருக்குமே சார்?”

“தேஞ்சு கிடந்தது. சமமாக்கிட்டேன்” என்றேன்.

“தேயல சார். அப்பா வெட்டினது. கடையாணி அடிக்கறப்ப கம்பிய அதுலதான் நிக்க வைப்பாரு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் பொரியை வாங்கிக்கொண்டார். என் தங்கை மகன் என்னைப் பார்த்தான். நான் வைஸைப் பார்த்தேன்.

கடையாணி என்பது மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று ஓடாமலிருக்க அச்சின் நுனியில் செருகுவது. உருண்டைக் கம்பியின் ஒரு முனையைப் பழுக்கக் காய்ச்சி, கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து அடித்தால் முனை விரிந்து தலையாகும். தட்டையான இரண்டு தாடைகளுக்கு நடுவே உருண்டைக் கம்பி இரண்டு கோடுகளில் மட்டும்தான் தொடும். அடி விழுந்தால் கீழே நழுவும். பள்ளத்துக்குள் நிறுத்தினால் கம்பியைச் சுற்றிலும் பிடி இருக்கும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் இந்தச் சுற்று வட்டாரத்து வண்டிகளுக்கு அந்தப் பள்ளத்தில் நின்ற கம்பிகள்தான் கடையாணி ஆகியிருக்கின்றன. நான் தேய்மானம் என்று வாசித்தது ஒரு மனிதனின் அறிவை.

தேய்மானம் எது, அறிவு எது? பழைய பொருளில் கை வைக்கும் ஒவ்வொருவனும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறான். பெரும்பாலும் கேள்வி எழுந்ததே தெரியாமல் பதில் சொல்லிவிடுகிறான். ஏடுகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஏட்டில் ஒரு சொல் பொருந்தாமல் நிற்கிறது. எழுதியவன் கைப்பிழையா, கவியின் சொல்லா? உ.வே.சாமிநாதையர் ஒன்றை மூலத்தில் வைத்தார். வேறு பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். தான் தவறியிருந்தால் பின்னால் வருகிறவன் திருத்திக்கொள்ளட்டும் என்கிற இடம் அது. பதிப்பாசிரியனின் ஒழுக்கம் அவன் செய்த தேர்வில் இருப்பதைவிட அந்த அடிக்குறிப்பில் அதிகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கிரைண்டருக்கு அடிக்குறிப்பு கிடையாது. தள்ளப்பட்ட பாடம் தூளாகத் தரையில் விழுகிறது. அதைப் பெருக்கிக் கொட்டினேன்.

கோயில்களில் நடந்திருப்பதும் இதுதான். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவர்களைச் சுத்தம் செய்தபோது அழுக்கோடு கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. அதைச் செய்தவர்கள் கோயிலை வெறுத்தவர்கள் அல்ல. கல் புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் கருவியை இயக்கியது. அவர்களைப் பற்றி நான் கடுமையாகப் பேசியிருக்கிறேன். இனிப் பேச யோக்யதை இல்லை என்று சொல்லமாட்டேன், பேசுவேன். ஆனால் அந்த ஆசை என் கையிலும் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவேன்.

வியன்னாவில் இருந்த கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல் 1903இல் பழைய சின்னங்களைப் பற்றி எழுதியபோது அவற்றின் மதிப்புகளைப் பிரித்துப் பார்த்தார். ஒன்று முதுமையின் மதிப்பு: காலம் விட்ட தடங்கள் அப்படியே இருக்கட்டும் என்பது. இன்னொன்று பயன் மதிப்பு: பொருள் வேலை செய்ய வேண்டும் என்பது. இரண்டும் மோதும் என்பது அவர் கண்டது. என் வைஸை மியூசியத்தில் வைத்திருந்தால் பள்ளம் பிழைத்திருக்கும், துருவோடு சேர்ந்து. நான் பயனின் பக்கம் நின்றேன். அதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. கம்பியைப் பிடிக்காத வைஸ் 27 கிலோ இரும்பு மட்டுமே. ஆனால் அந்தப் பள்ளம் ரீகலின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. அது பழைய தடமும்தான், பயனும்தான். பயனுக்காகத்தான் செய்தேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. பயனைத்தான் அழித்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த இடத்தில் பூசலார் ஞாபகம் வராமல் இருக்காது. கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டி முடித்தவர். காஞ்சியில் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த காடவர் கோமானின் கனவில் சிவன் வந்து, நாளை நின்றவூர் அன்பன் கோயிலுக்குப் போகிறேன், உன்னுடையதைத் தள்ளி வைத்துக்கொள் என்றாராம். அரசன் இங்கே வந்து கேட்டால் அப்படியொரு கோயிலை யாரும் பார்த்ததில்லை. அந்த அரசன் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் என்று பலர் கொள்கிறார்கள். கல்லைவிட மனம் பெரியது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். வைஸைச் செப்பனிட்ட நாட்களில் நானும் அந்த அர்த்தத்தில்தான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. என் மனத்தில் ஒரு வைஸ் முழுமையாக இருந்தது. பிசகில்லாத தாடை, மூலைக்கு மூலை சமம். வெளியே கிடந்த இரும்பை அதற்குக் கிட்டத்தில் கொண்டுவந்தேன்.

ஆனால் சேக்கிழார் சொல்லும் விதத்தில் வேறொன்று இருக்கிறது. பூசலார் கோயிலை ஒரு நொடியில் நினைத்துவிடவில்லை. சாதனங்களைத் தேடினார். தச்சர்களையும் மனத்தால் தேடினார். அடித்தளமிட்டு, இரவிலும் தூங்காமல், நிலை நிலையாக எழுப்பி, சிகரம் வைத்து, கிணறும் குளமும் மதிலும் அமைத்து, நாள் பார்த்தார். மனத்துக்குள் கட்டுகிறவனுக்குத் தச்சன் எதற்கு? வேண்டும் என்றால் போதுமே. போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோயில் என்பது ஒருவனுடைய விருப்பத்திலிருந்து எழுவதில்லை. தன்னைவிட நன்றாகக் கல்லையும் மரத்தையும் அறிந்த பிறர் அதில் இருந்தாக வேண்டும். யாரும் பார்க்க முடியாத இடத்திலும் அவர் அந்தப் பிறருக்கு இடம் கொடுத்தார்.

என் மனத்து வைஸில் யாரும் இல்லை. தாடை இருந்தது, திருகு இருந்தது, ஆசாரி இல்லை. அவர் இல்லாமல் போனதற்கு நான் வாங்கிய விதமும் காரணம். எடைக்கு வாங்கும்போது தராசு ஒரு காரியம் செய்கிறது. பொருளைத் தொட்டவர்கள் எல்லோரையும் அது கழித்துவிட்டு இரும்பை மட்டும் நிறுக்கிறது. அது ஏமாற்று அல்ல. கடைக்காரரும் நானும் நேர்மையாகத்தான் நடந்தோம். விலை தீர்ந்தது, அதோடு கடனும் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். பித்தளையைக் காப்பாற்றிய எனக்கு, கண் காணாத வெளிநாட்டுக் கைக்குக் கொடுத்த சந்தேகத்தின் பலனை உள்ளூர்க் கொல்லனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை என்பதும் இதில் இருக்கிறது. அங்கே குறுகுறுவென்று மஞ்சள் தெரிந்தபோது உத்தி என்று நினைத்தேன். இங்கே பள்ளத்தைப் பார்த்தபோது அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். மகன் நாலு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறார்.

பூஜை கழிந்து அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பட்டறையை மூடிய பிறகு வைஸை எடைக்குப் போட்டது தானே என்றார். “நீங்க எடுக்கலேன்னா உருக்கியிருப்பாங்க சார்.” அது உண்மைதான். அந்த உண்மையில் ஒதுங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உருகாமல் காப்பாற்றியவனுக்கு அதைச் சரியாகப் பார்க்கும் கடமை இன்னும் கூடத்தான் வேண்டும்.

அவரைப் பட்டறைக்கு அழைத்து வந்தேன். பள்ளம் எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னேன். மூன்று விரல் வைத்து அளந்து, ஆணியால் கீறினார். அவருடைய மூன்று விரல், அப்பாவுடையதல்ல. ஒரு நூல் இப்படி அப்படி இருக்கும். உருண்டை அரத்தை எடுத்தேன். அப்போதுதான் தயக்கம் வந்தது. நான் வெட்டப்போவது என்ன? போனது திரும்பாது. இல்லாத தழும்பைப் புதிதாகப் போடுவது பொய்யாகாதா? தாடையை இனித் தொடாமல் விடுவதுதான் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழி என்றும் தோன்றியது. என் தங்கை மகன்தான் சொன்னான்: “கம்பி நிக்கணும் மாமா. அவ்வளவுதானே.”

மெதுவாக, கையாலேயே ராவினேன். பழசைப் போல் தெரிவதற்காக ஓரங்களை மழுங்கச் செய்யவில்லை. புதிய வெட்டு என்பது பார்த்தால் தெரியும். பத்து மில்லிமீட்டர் கம்பி ஒன்றைக் காய்ச்சி, நிறுத்தி, முடுக்கினோம். சம்மட்டியை ஆசாரியின் மகன் வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் துருத்தி இழுத்தது தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அடித்தார். தலை கோணலாக விரிந்தது. கம்பி நழுவவில்லை.

கடையாணி யாருக்கும் தேவைப்படாது. அதைத் தன் வேனில் வைத்துக்கொள்வதாக எடுத்துக்கொண்டு போனார். வைஸில் இப்போது கிரில்லுக்கான கம்பிகள் நிற்கின்றன. பள்ளத்துக்குப் பக்கத்தில் அவர் ஆணியால் முதலில் கீறிய கோடு இன்னும் இருக்கிறது. அதை நான் ராவவில்லை.