ஒன்பது குறைந்தால்

தாய்லாந்தின் வடகிழக்கே, உபோன் ராட்சதானிப் பக்கத்து நெல்வயல்களில் ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளினால், அதில் இரண்டு பங்காளிகள் இருக்கக்கூடும். ஒன்றின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லை. மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடவுக்கு இறங்கியவரின் கீறல் வழியே அது ஏறிவிடும். அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்துவிட்டால் சில நாளில் ரத்தமெல்லாம் பரவி உயிருக்கே உலை வைக்கும். அதுதான் மெலியாய்டோசிஸ். இன்னொன்று பர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ். அதே சேறு, அதே முகஜாடை. ஆனால் மனிதர்களை அநேகமாகச் சீண்டுவதில்லை.

இந்த நோயை ரங்கூனில் கண்டறிந்து 1912இல் எழுதியவர்கள் இருவர்: ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி. நோய்க்கு 'விட்மோர் நோய்' என்றும் பெயர் நின்றது. கிருஷ்ணசாமி கழன்றுவிட்டார். கழன்றுபோனதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு என்பதால் அவரையும் சொல்லிவைத்தேன்.

பங்காளிகள் இருவரையும் பிரித்தறிய ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. அராபினோஸ் என்ற சர்க்கரையை மட்டும் தீனியாக வைத்த தட்டில் இரண்டையும் தடவிவைத்தால், சாது தழைத்து நிற்கும். கொலைகாரன் பட்டினி கிடப்பான். அராபினோஸ் அபூர்வப் பண்டமல்ல. கருவேலம் பிசினில் இருக்கிறது, வைக்கோலில் இருக்கிறது. வயலே வீடாக வாழும் ஒன்றுக்கு வைக்கோல் சர்க்கரை செல்லவில்லை!

மரபணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்தச் சர்க்கரையைக் கையாள சாதுவிடம் ஒன்பது மரபணுக்கள் ஒரே வரிசையாக இருக்கின்றன. கொலைகாரனிடம் அந்த வரிசையே இல்லை, தாய்ப்பத்திரத்தில் இருந்த ஒரு சர்வே எண் பிற்காலப் பத்திரத்தில் விடுபட்டுப் போனதுபோல.

நோய்க்கிருமி என்றாலே அதனிடம் கூடுதலாக என்ன ஆயுதம் இருக்கிறது என்றுதான் தேடத் தோன்றும். ஆயுதங்களும் இல்லாமலில்லை, நம் உடலின் காவலுக்குத் தப்ப அது போர்த்திக்கொள்ளும் சர்க்கரை உறை ஒன்று போதும். ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆய்வில் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தார்கள். சாதுவின் ஒன்பது மரபணுக்களையும் எடுத்துக் கொலைகாரனின் குரோமோசோமுக்குள் சேர்த்தார்கள். அது அராபினோஸைத் தின்னத் தொடங்கியது. வெள்ளெலி இனத்து ஹாம்ஸ்டர்களுக்கு ஏற்றியபோது, அவற்றைக் கொல்ல முன்னைவிடக் கணிசமாக அதிகக் கிருமிகள் தேவைப்பட்டன. நம் உயிரணுக்களுக்குள் புரதங்களைச் செலுத்த இந்தக் கிருமி இனத்திடம் ஊசி போன்ற கருவிகள் உண்டு. புதிய கிருமி அராபினோஸில் வளர்ந்தபோது, அத்தகைய கருவி ஒன்றின் மரபணுக்கள் பல அடங்கிப்போயிருந்தன.

ஒரே ஒரு கிருமி வகையில், சிறு விலங்குகளில் செய்த சோதனை இது. முழுக்கதையும் இதுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் சேர்த்ததால் சாந்தமானது என்பதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

மூன்றாவதாக ஒரு பங்காளியும் உண்டு: பர்கோல்டேரியா மல்லை, குதிரைகளுக்குக் கிளாண்டர்ஸ் நோய் தருவது. அந்த ஒன்பதும் இதனிடமும் இல்லை. சூடோமல்லையின் வழியில் வந்த இது அதோடு நிற்கவுமில்லை. சூடோமல்லையின் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 72 லட்சம் எழுத்துகள். இதில் 58 லட்சம்தான். விலங்கின் உடலுக்குள்ளேயே காலம் தள்ளியதில், மண்ணில் தனித்துப் பிழைக்கும் திறமையும் போய்விட்டது. இப்போது அது ஒரு குதிரையின் மூக்கிலிருந்து ஒழுகித் தண்ணீர்த்தொட்டியில் விழுந்து, அங்கே வாய் வைக்கும் அடுத்த குதிரைக்காகக் காத்திருக்கிறது.