மாவுக்கோழியும் கோதுமை இறைச்சியும்: தைவான் சைவ உணவகம் எழுப்பும் அறவினா

தைவானின் நகரங்களில் எளிய சைவ உணவகங்கள், அலுவலகம் செல்வோரும் மாணவரும் மதிய உணவுக்கு வந்துபோகும் அன்றாடக் கடைகளாகவே விளங்குகின்றன. பௌத்தர்களாலும், பௌத்தம், கன்பூசியம், தாவோ ஆகியவற்றின் கூறுகளை இணைத்து வளர்ந்து 1987ஆம் ஆண்டு அரசின் தடையிலிருந்து விடுபட்ட இகுவான் தாவோ நெறியினராலும் நடத்தப்படும் இக்கடைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் பௌத்த அடையாளமான சுவஸ்திகம் பொறிக்கப்பட்டிருக்கும்; உண்பவர் கீரை, டோஃபு, காளான் வகைகளைத் தாமே தட்டில் எடுத்துக்கொள்ள, பல கடைகளில் எடைக்கேற்ப விலை கணக்கிடப்படும். அவ்வரிசையிலேயே, கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவி மாச்சத்தை நீக்கியபின் எஞ்சும் பசைப்புரதத்தாலும் சோயாவாலும் செய்யப்பட்டு, கோழித்துண்டு போலவும் பன்றியிறைச்சி போலவும் மீன் போலவும் தோன்றும் பண்டங்களும் இருக்கும். கொல்லாமையை நோன்பாக ஏற்றவர், கொன்று பெறும் உணவின் உருவையும் சுவையையும் விரும்பி உண்பது அந்நோன்புக்கு இசையுமா என்பதே இங்கு எழும் வினா.

தொடக்ககாலப் பௌத்தம் துறவியர்க்கு ஊனை முற்றாக விலக்கவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருந்தால், பிச்சையாக வந்த ஊனைத் துறவி ஏற்கலாம் என்பது பாலி விநய நூல்களின் விதி. பின்னர் எழுந்த மகாயான நூல்களுள் இலங்காவதார சூத்திரம், ஊனுண்ணல் கருணைக்கு முரணானது என்று மறுத்தது; உண்பார் இல்லையெனில் விற்பதற்காகக் கொல்வாரும் இல்லை என்னும் அதன் வாதம் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலும் இடம்பெறுவது. சீனத்தின் தென்பகுதியை 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் வூ பேரரசர், துறவியர் ஊனையும் மதுவையும் துறக்க வேண்டும் என வற்புறுத்தியதோடு, 517இல் மூதாதையர் கோயிலில் பலியிடப்பட்டு வந்த விலங்குகளுக்கு மாற்றாக மாவால் செய்த படையல்களை வைக்கவும் ஆணையிட்டார். உயிரை விடுவித்து உருவை மட்டும் நிறுத்திக்கொள்ளும் அச்செயலின் தர்க்கமே தைவானின் கோதுமை இறைச்சியிலும் தொடர்கிறது.

எனினும் இச்சமையலறையை ஆள்வது கொல்லாமை ஒன்று மட்டுமே எனக் கொள்ளலாகாது. சீன பௌத்தம் வெங்காயம், பூண்டு முதலிய ஐந்து காரமணப் பொருள்களையும் விலக்குகிறது. சமைத்து உண்டால் காமத்தையும் பச்சையாக உண்டால் சினத்தையும் அவை வளர்க்கும் என்பது சூரங்கம சூத்திரம் கூறும் காரணம். கொல்லாமை பிற உயிரின் துன்பத்தை நோக்கியது. காரமண விலக்கோ உண்பவரின் மனத்தை நோக்கியது. அவ்வைந்தனுள் பெருங்காயமும் ஒன்றாக எண்ணப்படுவது இங்கு கருதத்தக்கது. ஏனெனில், வெங்காயமும் பூண்டும் சேர்க்காத தமிழகச் சமையலறைகளில் அவற்றின் இடத்தை நிரப்புவது பெருங்காயமே. மன அமைதிக்கான உணவு நெறி மரபுக்கு மரபு இவ்வாறு மாறுபடுகிறது. அறுபடும் விலங்கின் வலி எம்மரபிலும் மாறுவதில்லை.

போலி இறைச்சிக்கு எதிரான வலிமையான சான்று தமிழிலேயே உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் என்னும் சமண நூலில், உயிர்க்கொலைக்கு அஞ்சிய அரசன் யசோதரன், தாயின் சொற்படி மாவால் செய்த கோழியைத் தெய்வத்துக்குப் பலியிடுகிறான். உயிரற்ற அப்பொருளை வெட்டியதற்காகவே தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழல்கின்றனர். உருவைக் கொல்வதும் கொலையே எனில், கோதுமைக் கோழியை உண்பதும் குற்றமாகாதா? காவியத்தின் கருத்தை நுணுகி நோக்கின் இவ்விரண்டும் வேறெனத் தெளியும். யசோதரன் வாளை ஓங்கியது பலியின் பயனை வேண்டியே. மாவாயினும் அவன் மனம் அதைக் கோழியாகக் கொண்டே வெட்டியது. தைவானின் உணவகத்தில் உண்பவரோ, எவ்வுயிரும் சாகக்கூடாது என்னும் எண்ணத்தாலேயே அப்பண்டத்தைத் தேர்கிறார். வினை என்பது சேதனையே, அதாவது செயலைத் தூண்டும் மனக்கருத்தே, என்னும் புத்தரின் கோட்பாட்டின்படி, பொருள் ஒன்றுபோல் இருந்தும் இவ்விரு வினைகளும் எதிரெதிரானவை.

ஊன்சுவையின்மீது எஞ்சி நிற்கும் வேட்கை, அதாவது பௌத்தம் துன்பத்தின் காரணமாகக் காட்டும் பற்று, இவ்விளக்கத்தால் நீங்கிவிடுவதில்லை. வீடுபேற்றை நாடும் துறவிக்கு இது மெய்யான தடையே. அவர் எளிய கீரையோடும் சோற்றோடும் நிறைவுகொள்வது தகும். ஆனால் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மட்டும் ஊன் தவிர்க்கும் இல்லறத்தார்க்கு, பழகிய சுவை நோன்பின் கடுமையைத் தணித்து, அந்நாள்களை மேலும் பெருக்க வழிவிடுகிறது. அவ்வுணவகம் வருவோரின் சமயத்தை வினவுவதில்லை. நம்பிக்கையற்றவரும் அங்கு ஒருவேளை உண்டு எழுகையில், கொல்லாமை அவ்வளவில் நிறைவேறிவிடுகிறது.

ஆகவே, பிறவுயிரின் வலியையும் தன் மனத்தின் தூய்மையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க நேரும்போது முன்னதற்கே முதலிடம் தருவது அறம். நாவை வென்றபின்தான் கருணை தொடங்க வேண்டும் எனக் காத்திருந்தால், அதுவரை மாயும் உயிர்களுக்கு எவரும் விடைசொல்ல இயலாது. ஊனைத் துறக்க விரும்பியும் சுவையைத் துறக்க இயலாதோர், கோதுமை இறைச்சியைத் தயக்கமின்றி உண்ணலாம். அதனை உண்போரைப் பழிப்பதைப் பிறர் விட்டொழிக்க வேண்டும்.