ஒளிக்கத் தெரியாத வில்லன்

நீல உடம்பு, ஊதா முக்காடு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண்டையோடு. அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1982இல் பொம்மையாக விற்கத் தொடங்கி, மறு ஆண்டே தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்குள் நுழைந்துவிட்ட ஸ்கெலிட்டர் இப்படித்தான் இருப்பான். எத்தனை திட்டம் போட்டாலும் கடைசியில் நாயகன் ஹீ-மேனிடம் தோற்று ஓடுவதே அவன் தலையெழுத்து. ஆனாலும் 40 ஆண்டுகள் கழித்து அந்தத் தொடரை நினைப்பவர்களின் மனத்தில் முதலில் வந்து நிற்பது அந்த மண்டையோடுதான். தமிழிலும் இதற்கு நேர்ச்சான்று உண்டு. சிவகாசியிலிருந்து 1984இல் வரத் தொடங்கிய லயன் காமிக்ஸ், 'எத்தனுக்கு எத்தன்' என்ற கதையில் ஸ்பைடரை அறிமுகம் செய்தது. கூர்ந்த காதுகள், கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவதே அவனுடைய லட்சியம். அவனைக் 'கூர்மண்டையன்' என்று செல்லமாக அழைத்தார்கள் தமிழ் வாசகர்கள். அடுத்தவர் காசில் ஒரு ரூபாயைக்கூடத் தொட மனம் வராத நல்லவர்கள், கொள்ளைக்காரன் ஒருவனை இப்படிக் கொண்டாடுவது ஏன்? நாம் எப்படி வாழ்கிறோம் என்பதோடு தொடர்புடைய கேள்வி இது.

தீமையில் மனிதனுக்கு இயல்பாகவே ஒரு ருசி இருக்கிறது என்பது வழக்கமான பதில். அதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் வில்லனிடம் ரசிப்பது அவன் செய்யும் தீமையை அல்ல, அவனிடம் ஒளிவு மறைவு இல்லாததை. கதைகளை அருகில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். ஹீ-மேன் உண்மையில் ஆடம் என்ற இளவரசன். பெற்ற தாய் தந்தையிடம்கூடத் தன் ரகசியத்தைச் சொல்லாமல், சோம்பேறியைப் போல நடித்துக்கொண்டிருக்கிறான். எதிரே நிற்கும் ஸ்கெலிட்டருக்கோ முகத்தை மூடத் தோல்கூட இல்லை. 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலும் இதே கதைதான். எம்.ஜி.ஆர். இன்னொருவர் இடத்தில், இன்னொருவர் பெயரில் வந்து நிற்கிறார். நம்பியார் நம்பியாராகவே, கையில் சாட்டையோடு நிற்கிறார். நல்லவன் தன் நன்மையைக் காக்க வேடம் போடுகிறான். வில்லன் தனக்கு என்ன வேண்டும் என்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறான். நாள் முழுக்க எதையாவது மறைத்தும் மழுப்பியும் வாழ வேண்டியிருக்கிற நமக்கு, அந்த அறிவிப்பே பெரிய ஆசுவாசம்.

நம் தெருக்கூத்து இதை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. துரியோதனன் களரிக்குள் சட்டென்று வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னாலிருந்து முதலில் சலங்கை ஒலி கேட்கும். பிறகு விருத்தம் எழும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். திரை விலகும்போது புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கண்ணாடிச் சில்லுகளும் விளக்கொளியில் மின்ன அவன் முழுதாக வெளிப்படுவான். கட்டியக்காரன் அவனிடம் 'நீர் யார்?' என்று விசாரிப்பான். அவன் தன் குலம், பலம், பகை, ஆசை எல்லாவற்றையும் ஊரறியச் சொல்வான். வாழ்க்கையில் நம்மை யாரும் அப்படி நிறுத்திக் கேட்பதில்லை. கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். வில்லன்களும் வேடம் போடுகிறார்களே? சீதையைக் கவர இராவணன் சந்நியாசியாக வரவில்லையா? வந்தான். ஆனால் இராவணனை விரும்புகிறவர்கள் விரும்புவது அந்தச் சந்நியாசியை அல்ல. கயிலையை அசைக்கத் துணிந்தவனை, வீணை மீட்டியவனை, தோற்பது தெரிந்தும் போர்க்களத்தில் நின்றவனைத்தான். பாரதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சூதாட்டச் சூழ்ச்சியின் மூளை சகுனி. பாண்டவர் வாழ்வைப் பார்த்து வயிறெரிகிறது என்று வாய்விட்டுச் சொன்னவன் துரியோதனன். திரௌபதி அம்மன் திருவிழாக்களின் படுகளத்தில் மண்ணால் பிரம்மாண்டமாக உருவம் செய்து கிடத்தப்படுவதும், ஒப்பாரி வைத்து அழப்படுவதும் துரியோதனனுக்குத்தான். சகுனிக்கு அந்த மரியாதை இல்லை. தீமையின் அளவில் இருவருக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. ஒருவன் ஒளித்தான், மற்றவன் ஒளிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

வேறொரு மறுப்பு புதுச்சேரி மண்ணில் பிறந்தது. பாரதிதாசன் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் மேடையேறியது. புராணம் கொடியவன் என்று தள்ளியவனை அது வீரனாக நிமிர்த்தியது. வென்றவர்கள் எழுதிய கதையில் தோற்றவன் வில்லனாக்கப்பட்டான், நம் ஈர்ப்பு அநீதி இழைக்கப்பட்டவன்மீது வரும் பரிவு என்று அந்தப் பார்வை சொல்கிறது. கதையை யார் சொன்னார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த அந்த வாதம் அவசியமானது. ஆனால் அது இரணியனை நாயகனாக மாற்றிய பிறகு, நம் கேள்வி அவனைவிட்டு விலகிவிடுகிறது. ஸ்கெலிட்டருக்கோ, கொள்ளைக்காரனாக அறிமுகமான ஸ்பைடருக்கோ யாரும் அநீதி இழைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள்தான். கெட்டவர்களாக இருக்கும்போதே அவர்கள்மீது வரும் பிரியத்தைப் பரிவு என்ற ஒன்றால் விளக்க முடியாது.

அப்படியானால் இந்தப் பிரியம் குழந்தைகளைக் கெடுக்காதா என்று பெற்றோர் கவலைப்படலாம். நியாயமான கவலை. இதற்கு விடை தேடும்போது சங்கரதாஸ் சுவாமிகளைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. 1922இல் புதுச்சேரியில் மறைந்த அவருடைய பெயரைக் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி தாங்கி நிற்கிறது. இரணியன், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் புகழ்பெற்ற நடிகர் அவர். அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் ஒரு நிகழ்ச்சியைத் தவறாமல் சொல்வார்கள். சனீஸ்வரனாக நடித்துவிட்டு, வேடம் கலைப்பதற்காக விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனாராம். அந்த உருவத்தை அங்கே கண்ட கர்ப்பிணி ஒருத்தி அதிர்ச்சியில் உயிரிழந்தாள் என்றும், அதோடு சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் சொல்கிறார்கள். அப்படியே நடந்ததோ, நாடக உலகம் தனக்குச் சொல்லிக்கொண்ட கதையோ, அதன் பொருள் ஆழமானது. இரவு முழுக்க ஊரே கண்கொட்டாமல் ரசித்த அதே முகம், மேடையைவிட்டு இறங்கிய மறுகணம் உயிரைக் குடிக்கிறது. வில்லனை ரசிக்க வைப்பது மேடை என்ற எல்லை. அந்த எல்லையைக் குழந்தைகளும் விரைவிலேயே புரிந்துகொள்கிறார்கள். திரையில் நடுங்க வைத்த நம்பியார், நிஜத்தில் பல்லாண்டுகள் சபரிமலைக்குப் போய்வந்த குருசாமி என்பதை ஏற்றுக்கொள்ள ரசிகர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை இனிமேல்தான் வருகிறது. ஒளிவு மறைவின்மை அவ்வளவு கவர்ச்சியானது என்றால், வெறுப்பை வெளிப்படையாகக் கக்கும் மனிதரையும் நாம் கொண்டாடத் தொடங்கிவிடுவோமே? 'மனசில் பட்டதைப் பேசுகிறவர்' என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுமைக்காரர்களுக்கு வாக்களித்த சமூகங்கள் இல்லையா? இருக்கின்றன. வெளிப்படையாகச் செய்ததால் மட்டும் தீமை தூய்மையாகிவிடாது. ஆனால் கூத்துக் களரியில் உட்கார்ந்திருப்பவர் செய்வது வேறு. துரியோதனன் வரும்போது அவர் நிமிர்ந்து உட்காருகிறார். அவன் தொடை பிளக்கப்பட வேண்டும் என்றும் விரும்புகிறார். பிளந்த பிறகு அழுகிறார். பிரியம், தண்டனை, துக்கம் மூன்றும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கின்றன. வில்லனைக் கொண்டாடும் சமூகம் கெடுவது, முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தொலைக்கும்போதுதான்.

நல்ல வில்லன் நமக்குச் செய்யும் உதவியும் இங்கேதான் இருக்கிறது. பதவி ஆசையைச் சேவை என்கிறோம், பொறாமையை அக்கறை என்கிறோம், பழிதீர்ப்பதை நியாயம் என்கிறோம். பெயர் மாற்றி வைத்த ஆசை, நாம் அறியாமலே நம்மை ஆள்கிறது. ஸ்பைடரும் ஸ்கெலிட்டரும் துரியோதனனும் அந்த ஆசைகளை அவற்றின் சொந்தப் பெயரால் உரக்கச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது நமக்குள் ஒன்று விழித்துக்கொள்வதை உணர்கிறோம். அந்த உணர்வைத்தான் ரசனை என்கிறோம். எனவே குழந்தைகளிடமிருந்து வில்லன்களைப் பறிக்க வேண்டியதில்லை. அவர்களை ரசிக்கலாம், அவர்களுக்காக அழலாம், அவர்கள் கையில் ஆட்சியை மட்டும் கொடுக்கக் கூடாது. அவர்களுடைய ஆசை தனக்குள்ளும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற மனிதரால்தான் அதற்கு அரியணை தராமல் வாழ முடியும்.