யாருடைய அவை?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இடக்கரடக்கல் தெரியும். நாலுபேர் முன்னால் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து, வேறு சொல்லால் சொல்வது. 'பீ கழுவி வந்தேன்' என்னாமல் 'கால் கழுவி வந்தேன்' என்பது. நன்னூல் இதை மங்கலம், குழூஉக்குறியோடு சேர்த்துத் தகுதி வழக்கில் வைக்கிறது. மறைக்க வேண்டிய அந்தச் சொல்லுக்குத் தொல்காப்பியம் கொடுக்கும் பேர் அவையல் கிளவி. அவைக்கு ஆகாத சொல்.

பரீட்சைக்கு இது போதும். வாழ்க்கைக்குப் போதாது. சிட்லபாக்கத்தில் சாயங்காலம் எங்கள் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித் தருகிறேன். ஒரு பொண்ணு கேட்டாள்: "எங்கப்பா செப்டிக் டேங்குல எறங்குறாருண்ணா. எறங்கலாம், பேர மட்டும் சொல்லக் கூடாதா?"

நான் படித்த உரைகளில் இதற்குப் பதில் இல்லை. அவைக்குள் உட்கார்ந்தவனுக்கு அது வெறும் சொல். வாயைப் பொத்தினால் தீர்ந்தது. அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அது வேலை. சொல்லை மறைக்கும்போது வேலை மறைகிறது. வேலையோடு ஆளும் மறைகிறான்.

'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்று செய்தி போடுகிறார்கள். இதில் கொன்றது யார்? வாயு. உள்ளே இறக்கியவன் வாக்கியத்திலேயே இல்லை. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. மலக்குழிச் சாவுக்கு முப்பது லட்சம் கொடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கேட்கணும்னாலும் 'மலக்குழியில் இறக்கினார்கள்' என்று முதலில் காகிதத்தில் எழுத வைக்கணும். மறைத்த சொல்லுக்கு நஷ்டஈடு கிடையாது.

அப்படியானால் எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லிவிடலாமா? துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று 2020இல் தமிழக அரசு மாற்றியதே, அது தப்பா? தப்பில்லை. ஆளுக்கு மரியாதை வேணும். ஆனால் பேரை மாற்றிவிட்டுக் கையில் அதே வாளியைக் கொடுத்தால் அது வெறும் மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்ற மாதிரி.

பேர் வைக்கிற உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். ஊர் வசவாக வீசியதை எடுத்து நெற்றியில் அச்சடித்தார். காந்தி 'ஹரிஜன்' என்று கடவுள் பேரால் மங்கலம் பாடினார். 1938இல் பம்பாய் சட்டசபையில் அந்தச் சொல்லை எதிர்த்து அம்பேத்கரும் தோழர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். ஒரு சொல்லுக்காக அவையை விட்டே போனார்கள். முதல் சொல் வசை, இரண்டாவது அலங்காரம். ஆனால் வசையை நாமே எடுத்தோம், அலங்காரத்தை நம்மேல் போர்த்தினார்கள்.

ஆக, என் தராசு இதுதான். ஆளின் பேரை அந்த ஆளே சொல்லட்டும். அவர் மீது சுமத்திய கொடுமையின் பேரை மட்டும் யாரும் மறைக்கக் கூடாது. மாணவத் தோழர்களே, அவையல் கிளவிக்கு விளக்கம் எழுதும்போது ஒரு வரி கூடச் சேர்த்து எழுதுங்கள்: அந்த அவையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று.