யார் பாட்டு இது?

இளையராஜா ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் ஓர் இடத்துக்கு வந்துவிடும்: ‘நீங்க முதல்ல கேட்ட ராஜா பாட்டு எது?’ இதற்கு நேரான பதில் சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருவர், சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த டேப்ரிக்கார்டரைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர், திருவிழாவுக்குக் குழாய் கட்ட வந்த சவுண்டு சர்வீஸ்காரர் எந்த மரத்தில் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினார் என்பதுவரை சொல்வார். மூன்றாமவர் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியைச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பாட்டைக் கேட்டால் ஆளைச் சொல்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். அப்போது கைக்குழந்தையாக இருந்த என்னைப் போன்றவர்களுக்கும், பின்னால் பிறந்தவர்களுக்கும் முதல் பாட்டு என்ற ஒன்று கிடையாது. விவரம் தெரியும்போதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தேடிப் போகவில்லை. தேடாமல் கிடைத்ததற்கு நாள், நேரம், இடம் எப்படிச் சொல்வது?

நான் வளர்ந்தது வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் எல்லா வீட்டுக்கும் பாடின மாதிரிதான். ஊருக்குப் போக குமுளி வழியாகக் கம்பம் பஸ். டிரைவர் இருக்கைக்கு மேலே டேப் இருக்கும். லோயர் கேம்ப் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பஸ் சாயும். நின்றுகொண்டு வருகிற கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் விழும். பாட்டு மட்டும் பாட்டுக்கு ஓடும். வளைவுகளுக்கு இடையே கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாகத் தெரியும். இளையராஜா 1943-இல் பிறந்த பண்ணைப்புரம் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே அவர் ஊர்ப் பக்கம் இறங்கிப் போயிருக்கிறோம். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஏனென்றால் எங்களுக்கு அவை ராஜா பாட்டு இல்லை. கமல் பாட்டு, ரஜினி பாட்டு, மோகன் பாட்டு. மோகனுக்கு ‘மைக் மோகன்’ என்றே பெயர். படத்துக்குப் படம் மைக்கைப் பிடித்து அவர் பாடுவதைப் பார்த்தவர்கள் அந்தக் குரலும் மெட்டும் வேறு யாரோ இருவருடையது என்று எதற்காக யோசிக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் கமல் கட்சிக்கும் ரஜினி கட்சிக்கும் யார் பாட்டு உசத்தி என்று கைகலப்பே நடக்கும். இரண்டு கட்சிக்கும் பாட்டுப் போட்டுக் கொடுத்தவர் ஒரே ஆள்.

பெயர் சொன்னது ரேடியோதான். இலங்கை வானொலியோ திருச்சி நிலையமோ, பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார். ஆனால் அந்த அரை நிமிஷம் எங்களுக்குப் பாட்டுக்கு முன்னால் காத்திருக்க வேண்டிய நேரம், அவ்வளவுதான். பஸ் பாட்டைக் கொடுத்தது, ரேடியோ பெயரைக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

குமுளியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. வெற்றுக் கேசட்டும் பாட்டு எழுதிய சீட்டும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு வந்தால் அதிர்ஷ்டம். ஏழாவதை நுழைத்தால் சரணத்தில் அறுந்துவிடும். நான் கொடுத்த சீட்டைக் கடைக்கார அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். ‘எல்லாம் ஒரே ஆள் போட்டதாத்தான் எழுதியிருக்க’ என்றார். நான் முழித்தேன். அவர் அலமாரியிலிருந்து கேசட்டுகளை எடுத்து, உறைக்குள் இருந்த அட்டைகளை மட்டும் உருவி, கண்ணாடிப் பெட்டி மேல் சீட்டுக்கட்டு போடுவதைப் போல் ஒவ்வொன்றாகப் போட்டார். மேலே கமல், ரஜினி, மோகன், விஜயகாந்த், கார்த்திக். கீழே பொடி எழுத்தில் எல்லா அட்டையிலும் ‘இசை: இளையராஜா’.

அன்று சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம். என்னைக் குதிக்க வைத்தவரும், சொல்லத் தெரியாத ஏதோ ஒன்றுக்காகத் தொண்டையை அடைக்க வைத்தவரும் ஒருவர்தான். அவர் பல வருடங்களாக எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார். அவருக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அவரைத் தெரியாது.

அந்த அண்ணன்தான் பிறகு ‘ஹவ் டு நேம் இட்’ கேசட்டையும் கையில் கொடுத்தார். 1986-இல் வெளிவந்தது. படம் இல்லை, நடிகர் இல்லை, பாடகரும் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் இளையராஜா செய்த சமர்ப்பணம் அது. வயலின் வி.எஸ். நரசிம்மன். வீட்டில் போட்டேன். பேக்டரி ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

‘பாட்டு எப்ப வரும்?’

‘இதுதாம்ப்பா பாட்டு.’

‘பாடுறது யாரு?’

‘யாரும் பாடல.’

ஏ சைடு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுறவன் வரவே இல்லியே’ என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா சொன்னதில் விஷயம் இருந்தது. சினிமாப் பாட்டுக்குக் காட்சி இருக்கும், கதை இருக்கும், கூடவே நடிகரின் முகமும் இருக்கும். நம் நெஞ்சு எதற்கு நெகிழ்கிறது என்று கேட்டால் கைகாட்ட யாராவது இருப்பார்கள். இந்தக் கேசட்டில் கைகாட்ட ஒருவரும் இல்லை. வயலின்கள் ஒன்றை ஒன்று துரத்துகின்றன, விலகுகின்றன, மறுபடி சேர்கின்றன; அதைச் செய்தவர் மட்டும் எதிரே இருக்கிறார். 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’டும் அப்படித்தான். இந்த இரண்டையும் கேட்ட பிறகு பழைய சினிமாப் பாட்டுகளுக்குத் திரும்பினால், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசையில் அதே கை தெரிந்தது. புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. முன்பே இருந்ததை யார் கொடுத்தது என்று தெரிந்தது.

ஒரு கலைஞரைக் ‘கண்டுகொண்ட’ கதைகள் பெரும்பாலும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ரசிகன் சொல்வது தேடலின் கதை போல இருக்கும். உள்ளே இருப்பது கடன் கணக்கு. நம்மை ஆக்கிய முக்கால்வாசிப் பொருள்கள் பெயரில்லாமல்தான் உள்ளே வந்தன. கொடுத்தவர் பெயர் பின்னால் தெரியும், தெரியாமலும் போகும். முதல் பாட்டு எதுவென்று கேட்டால் ஆளைச் சொல்கிறோமே, அதற்கும் இதுதான் காரணம். இசையமைத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. கேசட் கொடுத்தவரையாவது நினைத்துக்கொள்கிறோம்.

பெயர் தெரியாமல் போவதுதான் வழக்கம் என்று சொன்னால், எங்கள் அம்மாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் மூணாறு பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். 1957 தேர்தலில் தேவிகுளத்தில் ஜெயித்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். முதலமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் அரசுக்கு மிக மெலிதான பெரும்பான்மை. கேரளம் முழுக்க அந்த ஒரு தொகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு மலையேறி வந்து பாடியவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். தானே எழுதித் தானே பாடுவார். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். பாவலர் பாட்டும் ஒரு காரணம் என்று இன்றும் மலையில் பேசிக்கொள்கிறார்கள். ‘அவரு ராத்திரி பாடிட்டுப் போனத மறுநா மலையில நாங்க பாடிக்கிட்டிருப்போம்’ என்பார் அம்மாச்சி. அவருக்குப் பாட்டும் பெயரும் ஒன்றாகவே வந்தன. பாடியவர் முன்னால் நின்றார்.

ஆனால் பாவலர் பாடியதில் ஒரு கேசட்கூட எங்கள் குமுளிக் கடை அலமாரியில் இருந்ததில்லை. அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்ற தம்பி 1968-இல் சென்னைக்குப் போனார், உலகத்துக்கே கேசட் கொடுத்தார். அண்ணன் பாட்டு அம்மாச்சி தலைமுறையின் வாயில் இருந்தது, அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கேட்டவர்களுக்குப் பெயர் தெரியும், கேட்க நினைக்கிற எனக்குப் பாட்டு இல்லை. நான் பட்டது ஒரு கடன் என்றால் இது அதைவிடப் பெரியது. அடைக்க வழியும் இல்லாதது.

வேலை நிமித்தம் நான் பாலக்காட்டுக்கு வந்து, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியரானேன். இங்கிருந்து எலப்புள்ளி ரொம்பத் தூரமில்லை. எம்.எஸ். விஸ்வநாதன் 1928-இல் பிறந்த ஊர். சிவாஜி பாட்டு, எம்.ஜி.ஆர். பாட்டு என்று அப்பா காலத்தவர்கள் உருகியதெல்லாம் இந்த ஊர்க்காரர் போட்டது என்பது இங்கேயே பலருக்குச் சொன்னால்தான் தெரிகிறது.

2020-இல் ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படம் வந்தபோது இன்னொன்று நடந்தது. அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா தானே கட்டிய பாட்டைப் படத்தில் பாடினார். தமிழுக்கு மிக நெருங்கிய இருள மொழி; ஆசிரியர் அறையில் எங்களுக்குப் பாதி புரிந்தது, மீதி புரியாமலே பிடித்தது. இப்படி ஒரு குரலைக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று எல்லோரும் வியந்தோம். அட்டப்பாடியிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த ஒருவர் மட்டும் வியக்கவில்லை. ‘எங்க ஊருல இந்த மாதிரிப் பாட்டு எப்பவும் இருக்குதுங்க சார். நீங்கதான் இப்பக் கேக்கறீங்க’ என்றார். 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா என்று சிலர் முகம் சுளித்தார்கள். கண்டுபிடித்ததாகச் சொன்ன எங்களுக்கும் முகம் சுளித்தவர்களுக்கும் ஒரு விஷயத்தில் வித்தியாசமில்லை. இரண்டு பேருமே பாட்டு எங்கள் காதுக்கு எட்டிய நாளில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

பெயர் தெரிவது எப்போதும் இனிக்கிற விஷயமும் இல்லை. 2017-இல் தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, தீவிர ரசிகர்களே கொதித்தார்கள். நானும் முணுமுணுத்தேன். பாட்டு எங்களுடையது, இவர் யார் தடுக்க என்ற கோபம். எங்கள் கல்யாணம், காதல், சாவு வீடு எல்லாவற்றிலும் கலந்ததற்கு ஒருவர் வந்து உரிமை பேசினால் சுருக்கென்றுதான் இருக்கும். சட்டம் எந்தப் பக்கம் என்பது வழக்கறிஞர்கள் வேலை. எனக்குத் தோன்றியது வேறு: பெயரில்லாமல் வாங்கிப் பழகியவர்களுக்கு, கொடுத்தவர் எழுந்து நின்று ‘நான்தான்’ என்று சொல்வது பிடிப்பதில்லை. வீட்டில் அம்மா ஒருநாள் ‘இத்தனை வருஷம் சமைச்சது நான்தானே’ என்று கேட்டாலும் நமக்கு அதே எரிச்சல்தான் வருகிறது.

2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்து, 1991-இல் வெளியான ‘குணா’வின் குகைப் பாட்டு மறுபடி எல்லா போனிலும் ஓடியது. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ எடுத்தவர்களுக்கும் உரிமை கேட்டு இளையராஜாவின் நோட்டீஸ் போனது. எங்கள் பள்ளி மைதானத்திலும் பையன்கள் அதைத்தான் பாடினார்கள். யார் பாட்டுடா என்று கேட்டேன். ‘மஞ்சும்மல் பாய்ஸ் பாட்டுங்க சார்’ என்றான் ஒருவன். போன் திரையில் பாட்டுக்குக் கீழே எல்லாப் பெயரும் எழுதியிருக்கிறது; இருந்தும் அவனுக்கு அது படத்துப் பாட்டு, அந்த வயதில் எனக்கு ராஜா பாட்டெல்லாம் கமல் பாட்டாகவும் மோகன் பாட்டாகவும் இருந்ததைப் போல. பெயர் எழுதியிருந்தால் மட்டும் போய்ச் சேர்ந்துவிடாது. அட்டைகளை எடுத்து வரிசையாகப் போட ஓர் ஆள் வேண்டும்.

ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பழக்கும்போது இப்போது ரேடியோ அறிவிப்பாளர் வேலையையும் பையன்களிடமே கொடுத்துவிடுகிறேன். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூன்று பெயரையும் மைக்கில் சொன்ன பிறகுதான் பாட வேண்டும். எழுதியவர் தெரியாத பாட்டென்றால் எந்த ஊரில், யார் வாயிலிருந்து கற்றோம் என்று சொல்ல வேண்டும். ‘இதெல்லாம் எதுக்கு சார், நேராப் பாட்டப் போட்டா போதாதா’ என்று சிணுங்குகிறார்கள். கேட்கிறவர்களும் அந்த அரை நிமிஷம் நெளிகிறார்கள். நெளியட்டும். கடனை அடைக்க முடியாதவன், யாரிடம் வாங்கினோம் என்பதையாவது நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும்.