பட்டில் வரைந்த கூன்

பட்டுப்புடவையை வெயிலில் உலர்த்தக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரணித் தறியில் நெய்ததானாலும் காஞ்சிபுரத்தில் எடுத்ததானாலும், கட்டி அவிழ்த்ததும் நிழலில் ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுவார்கள். இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும்.

பட்டு என்பது புழு உமிழ்ந்த புரதம். வெளிச்சம், அதிலும் புற ஊதாக் கதிர், அந்தப் புரத இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அறுந்தது மறுபடி கூடாது. பட்டின்மேல் வரைந்த ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் ஏறக்குறைய 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். சித்திரை நண்பகலில் எங்கள் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அடிக்கிற வெயில் ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும். ஒரு பெண்ணின் உருவத்தைப் பட்டில் தீட்டி வைத்தால் அதைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமே அவளைக் கரைக்கவும் செய்யும். பார்க்கிற ஒவ்வொருவரும் அறியாமலே அவளிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறோம்.

பட்டில் வரைந்த பெண் உருவம் என்றதும் என் மனம் சீனத்துச் சாங்ஷா நகருக்குத்தான் போகிறது. அங்கே மவாங்துய் என்ற இடத்தில் 1972இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸின் சுய் என்ற சீமாட்டியின் கல்லறை அது. அவர் கணவர் சாங்ஷா அரசின் அமைச்சர், தாய் என்னும் பகுதியின் பிரபு. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சவப்பெட்டிகள். அவற்றைச் சுற்றிக் கரியும் வெள்ளைக் களிமண்ணும் இட்டு, காற்றுப் புகாமல் கெட்டித்திருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் உடல் கெடவில்லை. கடைசியாகத் தின்ற முலாம்பழத்தின் விதைகள்கூட வயிற்றில் இருந்தன. கூடவே வைத்த உடைகளில் ஒரு பட்டு அங்கி வெறும் 49 கிராம்.

உள்பெட்டியின் மேல் ஒரு பட்டுத்துணி விரித்திருந்தது. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். மேலே காகம் அமர்ந்த சூரியனும் தேரை அமர்ந்த நிலாவும், கீழே பாதாளம், பின்னிக் கிடக்கும் நாகங்கள். இத்தனைக்கும் நடுவே, சிறிய இடத்தில், ஒரு வயதான பெண் கோலூன்றிப் பக்கவாட்டில் நிற்கிறாள். பின்னால் பணிப்பெண்கள் மூவர். முன்னால் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஸின் சுய்தான் அவள். முதுகு லேசாகக் கூனியிருக்கிறது.

அந்தக் கூனில்தான் என் மனம் நிற்கிறது. உடலைச் சோதித்த மருத்துவர்கள் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் கோளாறு இருந்ததைக் கண்டார்கள். நடக்கும்போது அவருக்கு வலித்திருக்கும். ஆக, ஓவியர் தம் கற்பனையில் ஒரு பேரழகியை நிறுத்தவில்லை. வானமும் பாதாளமும் கற்பனைதான். நடுவில் நிற்பவள் மட்டும் கண்ணால் கண்டவள். அவள் எப்படி நின்றாளோ அப்படியே நிற்கிறாள். விண்ணுலகம் போகிறவளுக்கு முதுகை நிமிர்த்திவிட்டிருக்கலாம், இளமை கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. அதைக் குறையாக எண்ணியிருக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவளை அறிந்தவருக்கு அந்த வளைவும் அவள்தான்.

இதை யாருக்காக வரைந்தார்? இறுதிச் சடங்கில் சிலர் பார்த்திருப்பார்கள். பிறகு மண். இனி எந்தக் கண்ணும் படப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் அந்தச் சிறிய முகத்துக்கு மெல்லிய கோடு இழுத்திருக்கிறார். இருட்டில் கிடந்ததால் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நாம் வெளியே எடுத்த நாளிலிருந்துதான் அதன் வயது ஓடத் தொடங்கியது.

கண்ணில் படாமல் மறைந்திருப்பதன் அருமை திருவண்ணாமலையில் வாழ்கிறவருக்குப் புரியாத விஷயம் அல்ல. அம்பிகை இங்கே பவளக்குன்றில் தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்றாள் என்பது தலபுராணம். பெண் பாதியும் ஆண் பாதியுமான அந்த அர்த்தநாரீஸ்வரர், கார்த்திகை தீபத்தன்று மாலையில்தான் வெளியே எழுந்தருளுகிறார். சுவாமியைச் சுமக்கும் பாதம் தாங்கிகளின் தோளில் ஆடியபடி கோயில் கொடிமரத்தருகே வருவார். சில நிமிடங்கள்தான். உடனே அகண்ட தீபம், 2,668 அடி மலை உச்சியில் மகாதீபம். அவர் உள்ளே திரும்பிவிடுவார். மறுபடி பார்க்க ஓர் ஆண்டு. பிரகாரத்தில் மணிக்கணக்கில் நெருக்கியடித்து நின்றவர்கள் அந்தச் சில நிமிடங்களில் பார்க்கிற பார்வையை வேறு எங்கும் நான் கண்டதில்லை. இமைக்க மறந்துபோகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவரின் முழங்கை விலாவில் குத்துவதுகூடத் தெரியாது. எப்போதும் திறந்து கிடக்கிற ஒன்றை இப்படி யார் பார்ப்பார்கள்? ஓர் உருவத்துக்கு உயிர் கொடுப்பது அது எவ்வளவு காலம் பார்வைக்கு இருந்தது என்பதல்ல. ஒரே ஒருமுறையானாலும் ஒருவர் முழுமனத்தோடு அதைப் பார்த்தாரா என்பதுதான்.

அப்படிப் பார்த்த ஒருவரின் கதை இதே கோயிலில் உண்டு. இதன் வடக்குக் கோபுரம் 171 அடி. அதைக் கட்டி முடித்தவர் செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள். வீடு வீடாகப் போய்க் காசு திரட்டினார். காசு தீர்ந்த நாளில் கூலியாட்களுக்கு விபூதியை அள்ளிக் கொடுத்தார். அது அவரவர் செய்த வேலைக்கு ஏற்ற கூலியாக மாறியது என்று ஊர் சொல்கிறது. அவர் கண், மூக்கு, நிறம் எதையும் அந்தக் கதை சொல்வதில்லை. விபூதி அள்ளிய கையை மட்டும் சொல்கிறது. வேலைக்கு ஏற்ற கூலி தரும் கை, யாரையும் ஏமாற்றாத கை. கல் சுமந்தவர்களில் யாரோ அந்தக் கையை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். சாங்ஷா ஓவியர் கூனைக் கண்டதுபோலவே அவரும் ஓர் ஆளின் மெய்யான ஒன்றைக் கண்டுவிட்டார். பட்டோ கல்லோ அவருக்குத் தேவைப்படவில்லை, பக்கத்து ஆளிடம் சொன்னதே போதுமானதாக இருந்தது.

ஸின் சுய்யின் பட்டு இப்போது ஹூனான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அங்கே விளக்கைக் குறைத்து வைத்திருந்தால் வருந்தமாட்டேன். சூரியனையும் நாகங்களையும் பிறர் பார்க்கட்டும். எனக்கு அந்தக் கோலூன்றிய மூதாட்டி போதும். கொடிமரத்தடியில் கிடைக்கிற அளவு நேரம் கிடைத்தால், பார்த்துவிட்டுப் பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டு நகர்ந்துவிடுவேன்.